உழுவை இனங்கள்: வலையில் சாகாமல் காப்பது எப்படி? (விவாத இழை)

#1 கொண்டல்

ஆற்று உளுவையைப் பற்றியதல்ல இந்த இழை. சுறாவின் வாலும் திருக்கையின் தலையும் கொண்ட கடல் உழுவையைப் பற்றியது. 2019-ல் ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) வெளியிட்ட மதிப்பீட்டில் ஆப்புமூக்கு உழுவைகள், பெரிய உழுவைகள் என்ற இரு குடும்பங்களையும் சேர்த்து 16 இனங்கள் இருந்தன. அவற்றில் 15 'மிக அருகிய இனம்'. கடல்மீன்களில் இவ்வளவு மோசமான நிலையில் வேறொரு குழுவைக் காட்டுவது கடினம்.

மன்னார் வளைகுடா, பாக் நீரிணை, சோழமண்டலக் கரை என்று நம் பக்கம் முழுக்க இவை வலையில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. உழுவைக்கென்று யாரும் கடலுக்குப் போவதில்லை. இறால் மடியிலும் (விசைப்படகு தரையோடு இழுக்கும் பை வலை) திருக்கை வலையிலும் கூடவே வருகின்றன. ஆக, "பிடிக்காதீர்கள்" என்று சொல்வதால் என்ன பயன்? வலையில் என்ன மாற்றலாம், உயிரோடு வந்ததை எப்படி விட்டால் பிழைக்கும், கரையில் எதை எழுதி வைக்க வேண்டும் என்பதைப் பற்றி, விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பொதுவான கவலைகள் வேண்டாம்.

#2 பாகம்12

முதலில் இந்த மீன் ஏன் தாங்காது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

உழுவை முட்டை இடாது, குட்டி ஈனும். நம் கரையில் அதிகம் வரும் ரிங்கோபேட்டஸ் ஆஸ்திரேலியேவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஈற்றுக்கு 7 முதல் 19 குட்டிகள், சராசரி 14. பிறக்கும்போதே 46 முதல் 50 செ.மீ. நீளம். ஆண் 110–130 செ.மீ. வந்தால்தான் பருவமடையும். பெண்ணுக்கு ஏறக்குறைய 155 செ.மீ. ஆகவேண்டும். முழு வளர்ச்சி சுமார் 3 மீட்டர்.

இதை ஏலக்கூடத்தோடு பொருத்திப் பாருங்கள். 1 மீட்டர் உழுவை வந்தால் பெரிய மீன் என்றுதான் கை நீளும். அது ஒருமுறைகூட ஈனாத மீன். அரை மீட்டரில் கூடைகூடையாக வருகிறதே, அது அந்த மாதமோ அதற்கு முந்தைய மாதமோ பிறந்த குட்டி. சாளையும் அயிலையும் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு ஓரிரு ஆண்டில் மீண்டும் எழும்பும். அந்தக் கணக்கு இதற்குச் செல்லாது. பருவமடைவதற்கு முன்பே பல ஆண்டு மடிக்குத் தப்ப வேண்டும் என்றால் எத்தனை தப்பும்?

இன்னொன்று, இருக்குமிடம். மணலும் சேறுமான தட்டைத் தரை, ஆழம் குறைந்த பகுதி, முகத்துவாரங்களின் பக்கம். குட்டிகள் இன்னும் கரையை ஒட்டி. இறால் மடி இழுக்கும் இடமும் அதுதான். பார் (கடலடிப் பாறை) அருகில் வாழும் மீனுக்காவது மடி கிழியும் என்ற பயத்தில் கொஞ்சம் ஒதுங்கிடம் கிடைக்கிறது. உழுவைக்கு அதுவும் இல்லை.

ஆனால் நம்பிக்கை இழக்கவும் வேண்டாம். சுறா, திருக்கை வகைகளுக்குள் ஒப்பிட்டால் ஆப்புமூக்கு உழுவைகள் மந்தமாகப் பெருகுபவை அல்ல. சாவைக் குறைத்தால் எண்ணிக்கை ஏறும்.

#3 ஏலக்கரை

அடையாளம் தெரியாமல் சட்டமும் இல்லை, கணக்கும் இல்லை. எல்லாவற்றையும் 'உழுவை' என்று ஒரே வரியில் எழுதுவதுதான் முதல் கோளாறு.

ஆப்புமூக்கு உழுவை (ரிங்கோபேட்டஸ்): முதுகின் முதல் துடுப்பு வயிற்றுத் துடுப்புக்கு நேர் மேலே தொடங்கும். வால் துடுப்பு சுறாவைப் போல மேலும் கீழும் இரண்டு மடல். தோள்பக்கம் ஒரு கரும்புள்ளி, அதையொட்டி வெள்ளைப் புள்ளிகள்.

பெரிய உழுவை (கிளாகோஸ்டீகஸ்): முதுகுத் துடுப்பு இரண்டும் வயிற்றுத் துடுப்பைத் தாண்டி வால்பக்கம் தள்ளி இருக்கும். வாலில் கீழ் மடல் தனியாகத் தெரியாது. மூக்கு ஓரம் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும்.

உருண்டைத்தலை உழுவை (ரைனா): தலை அகன்று வளைந்திருக்கும். கண்ணுக்கு மேலும் முதுகிலும் முள்வரிசை. மற்ற எதனோடும் குழம்பாது. ஈற்றுக்கு 2 முதல் 11 குட்டிகள்தான்.

சிறிய உழுவைகளில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆக்ரோடெரியோபேட்டஸ் வாரியேகேட்டஸ். 1973-ல் மன்னார் வளைகுடாவிலிருந்து அறிவியலுக்கு அறிமுகமானது. அதன் பரவல் தென்னிந்தியக் கடலைச் சுற்றியே. நம் கடலில் அது போனால் வேறு கடலிலிருந்து வந்து நிரப்ப ஆள் இல்லை.

இனி சட்டம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் வேளா (ரம்பம் போன்ற கொம்புள்ள மீன்) இனங்களோடு ஓர் உழுவையையும் சேர்த்தார்கள். சேர்த்த பெயர் ரிங்கோபேட்டஸ் ஜிடென்சிஸ். பிற்கால வகைப்பாட்டு ஆய்வுகளின்படி அந்த இனம் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை, செங்கடல் பக்கம் வாழ்வது. நம் கரையில் வருபவை ஆஸ்திரேலியே, லேவிஸ் ஆகியவை. அதாவது இருபது ஆண்டு காலம், இங்கே இல்லாத மீனின் பெயரில் இங்கே இருந்த மீனுக்குப் பாதுகாப்பு எழுதப்பட்டிருந்தது. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது பட்டியலை விரிவாக்கியது. வாட்ஸப்பில் சுற்றும் படத்தை நம்பாமல் அரசிதழில் வந்த அட்டவணையையே வைத்துப் பாருங்கள். முதல் அட்டவணைக் குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். விளையாட்டில்லை.

ஏற்றுமதி தனி. சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கு 2015 பிப்ரவரியிலிருந்து தடை. சுறாத் துடுப்பு என்ற பெயரில் போகும் சரக்கில் விலை உயர்ந்தது உழுவைத் துடுப்புதான். சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வாணிபம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் ஆப்புமூக்கு உழுவைகளும் பெரிய உழுவைகளும் 2019-லும், சிறிய உழுவைக் குடும்பம் 2022-லும் ஏறின. இறைச்சியோ தோலோ வெளிநாடு போனால், அந்த இனத்துக்குப் பாதகமில்லை என்ற சான்று வேண்டும்.

#4 கச்சான்

ஏலக்கரை சொன்னதில் தவறில்லை. ஆனால் தடை போட்டதும் கடலில் என்ன நடக்கிறது என்பதையும் எழுத வேண்டும்.

மூன்றரை மணிநேரம் மடி இழுத்தபின் தளத்தில் கொட்டுகிறார்கள். உழுவை அடியில் நசுங்கிக் கிடக்கிறது. கரைக்குக் கொண்டுபோனால் வழக்கு. என்ன செய்வார்கள்? செத்ததைக் கடலில் தள்ளிவிட்டு வருவார்கள். கரையில் கணக்கு பூஜ்யம். அதிகாரி 'வரத்து நின்றுவிட்டது' என்று எழுதுவார். கடலில் சாவு அப்படியே தொடரும். முன்பு செத்ததாவது எண்ணிக்கையில் வந்தது, இப்போது அதுவும் இல்லை.

உழுவையைக் காப்பாற்றுவது தளத்துக்கு வருமுன் நடக்க வேண்டிய வேலை. கரையில் காவல் நிற்பது இரண்டாவதுதான். துடுப்புச் சந்தையை அடைக்க அது தேவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மடியை மாற்றாமல் மீனவர்மேல் வழக்கு மட்டும் போட்டால், மீன் வளத்துறையோடு பேசுகிறவர்களும் பேசுவதை நிறுத்திவிடுவார்கள்.

#5 வலைக்கண்

கச்சான் கேட்கும் மாற்றத்துக்கு வழி, மடிக்குள் வைக்கும் கம்பிச் சட்டம் (என் பதிவுகளில் 'சட்டம்' என்றால் இந்தச் சட்டகம்தான், அரசுச் சட்டம் அல்ல). ஆமைக்காக வந்தது என்றாலும் உழுவைக்கும் உதவும். ஆஸ்திரேலியாவின் வடக்கு இறால் மீன்பிடிப்பில் 2000-லிருந்து அது கட்டாயம். அங்கே மடியில் சிக்குவதை அளந்து பார்த்ததில் 1 மீட்டருக்கு மேற்பட்ட திருக்கை வகைகள் 94 சதவீதமும் அதே அளவுச் சுறாக்கள் 86 சதவீதமும் குறைந்தன. ஆமை ஏறக்குறைய முழுவதும் தப்பியது. ஆனால் எல்லா அளவையும் சேர்த்தால் திருக்கை வகைகள் 36 சதவீதம்தான் குறைந்தன. இதை மறைக்கக் கூடாது. சட்டம் தாய் மீனைக் காக்கும், குட்டியைக் காக்காது.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மடியின் பின்பைக்கு (மீன் வந்து சேரும் கடைசிப் பை) சற்று முன்னால் கம்பிச் சட்டம் சாய்வாக நிற்கும். இறால் கம்பி இடுக்கு வழியே பின்பைக்குப் போகும். பெரிய உயிர் கம்பியில் மோதி, சாய்வில் வழுக்கி, வெட்டிவிட்ட வாய் வழியே வெளியேறும். அந்த வாயின் மேல் ஒரு வலைமூடி கிடக்கும்.

கெடுவது எங்கே என்றால்:

சாய்வு. 45 முதல் 55 பாகைக்குள் இருக்க வேண்டும். 55-ஐத் தாண்டி நிமிர்ந்தால் உழுவை கம்பியில் அப்பிக்கொண்டு நகராது, அதன்மேல் செத்தை அடைக்கும், பின் இறாலும் போகாது. 45-க்குக் கீழே படுத்தால் இறால் வாய் வழியே கொட்டும். கட்டும்போது சரியாக இருந்த சாய்வு சில வாரத்தில் வலை இழுபட்டு மாறிவிடும். மடியைத் தொங்கவிட்டு அளக்கும் வேலையை ஒவ்வொரு தங்கலுக்கும் (கடலில் தங்கி மீன்பிடிக்கும் பயணம்) முன்பு செய்யவேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

கம்பி இடைவெளி. கொச்சி சிஃப்ட் (மத்திய மீன்வளத் தொழில்நுட்ப) நிறுவனம் நம் படகுகளுக்கு வடிவமைத்ததில் 142 மி.மீ. அமெரிக்க விதியில் 4 அங்குலம், அதாவது 102 மி.மீ.தான் உச்சம். ஆமைக்கு 142 போதும். உழுவை தட்டை உடம்பு, ஒருக்களித்தால் நுழைந்துவிடும். உழுவைக்காகவும் வைக்கிறோம் என்றால் 100 பக்கம் வருவதே சரி. கூடவே கணவாய், பெரிய மீன் கொஞ்சம் இழப்பு வரும். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் இரண்டாம் இழுப்பிலேயே சட்டத்தைக் கழற்றிப் போடுவார்கள்.

வாய் மேலா கீழா. ஆமை மூச்சுக்கு மேலே போகும், மேல்வாய் சரி. உழுவை தரையை ஒட்டியே போகும் மீன். கீழ்வாய் வைத்தால் உழுவையும் கல்லும் கடற்பஞ்சும் எளிதாக விழும். ஆனால் மூடி சரியாகப் படியாவிட்டால் இறாலும் விழும்.

மூடியின் நீளம். சட்டத்தின் பின் விளிம்பைத் தாண்டி 24 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்க விதி. இறால் போகிறதே என்று மூடியை நீட்டித் தைப்பதும், ஓரத்தில் இரண்டு முடிச்சுப் போடுவதும் நடக்கிறது. அப்படிச் செய்தபின் அது சட்டம் வைத்த மடி அல்ல, கம்பி வைத்த மடி.

மிதவை. சட்டத்தின் எடைக்கு ஈடாக மிதவை கட்டாவிட்டால் பின்பை தரையில் உரசும், சாய்வும் குலையும்.

அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்குவதை 2019-ல் நிறுத்தியதற்குக் காரணம் மடியில் இந்தக் கம்பிச் சட்டம் இல்லாததுதான். சட்டம் வைத்தால் சந்தையும் திறக்கும். மீனவரிடம் பேசும்போது இதை முதலில் சொல்லுங்கள்.

#6 கொண்டல்

பின்பையில் சதுரக்கண் வலை போட்டால் குட்டிகள் தப்பாதா? இளமீனுக்கு அதைத்தானே பரிந்துரைக்கிறார்கள்.

#7 வலைக்கண்

தப்பாது. 40 மி.மீ. சதுரக்கண் சங்கராக் குஞ்சுக்கும் காரல் குஞ்சுக்கும் வழி. அரை மீட்டர் நீளத்தில் பிறக்கும் மீன் அதில் எப்படி நுழையும்? குட்டிக்கு ஒரே வழி, மடி அது இருக்கும் ஆழத்துக்கு வராமலிருப்பது. தமிழ்நாட்டில் விசைப்படகு கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. உழுவைக் குட்டிக்கு இப்போது இருக்கும் பெரிய பாதுகாப்பு அதுதான். மீறப்படுவதும் அதுதான். புதிய விதி கேட்பதற்குமுன் இதை நடைமுறைப்படுத்தக் கேட்கலாம்.

#8 பாகம்12

உயிரோடு விடும் முறையை எழுதுகிறேன். படகில் ஒட்டி வைக்கலாம்.

உழுவைக்கு ஒரு நல்ல தன்மை உண்டு. பல சுறாக்கள் நீந்திக்கொண்டே இருந்தால்தான் மூச்சு. உழுவை தரையில் கிடந்தபடி கண்ணுக்குப் பின்னால் உள்ள மூச்சுத்துளை வழியே நீரை இழுத்துக்கொள்ளும். அதனால் வலையில் சிக்கி அசையாமல் கிடந்தாலும் பல நேரம் உயிரோடுதான் மேலே வரும். அதைக் கொல்வது பெரும்பாலும் இரண்டு: மடியில் ஏறும் மீன் பாரமும், தளத்தில் கிடக்கும் நேரமும்.

ஆகவே முதல் விதி இழுக்கும் நேரம். ஒரு பாடு ஒன்றரை மணிக்குள் முடிந்தால் பின்பையில் பாரம் குறைவு, உழுவை நசுங்காது. இறாலும் உடையாமல் வரும், தரத்துக்கு விலை உண்டு.

கொட்டியதும் முதலில் கை வைக்க வேண்டியது உழுவைமேல். இறாலைப் பிரித்துவிட்டுப் பார்க்கலாம் என்றால் அரை மணி போய்விடும். தளத்தில் முன்பே கடல்நீர் ஊற்றி வைத்திருங்கள். காய்ந்த சூட்டுத் தளத்தில் வயிற்றுத்தோல் வெந்துவிடும்.

தூக்கும்போது இரண்டு பேர். ஒருவர் வயிற்றுத் துடுப்புக்குப் பின்னால் வாலின் தடித்த அடியைப் பிடிக்க, மற்றவர் நெஞ்சுப் பகுதியைக் கீழிருந்து இரு கையாலும் தாங்க வேண்டும். வாலை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால் உடம்புப் பாரம் முழுவதும் தண்டுவடத்தில் இறங்கும். ஊசிக்கம்பு, கொக்கி கூடாது. மூச்சுத்துளையிலும் செவுளிலும் விரல் விடக் கூடாது. பிடிக்க வசதியாக இருக்கிறது என்று எல்லோரும் அங்கேதான் விரல் விடுகிறார்கள். உழுவைக்குத் திருக்கைபோல வால்முள் இல்லை, பயப்பட வேண்டாம். ரைனாவுக்கு மட்டும் முதுகு முள்ளுக்காகக் கையுறை.

உடனே விட முடியாவிட்டால் ஈரச் சாக்கை மேலே போட்டு, கண்ணை மறைத்து, குழாய்நீர் ஓடிக்கொண்டே இருக்கச் செய்யுங்கள். தேங்கிய தொட்டி வேண்டாம், நீர் சூடேறி மூச்சு முட்டும்.

விடும்போது இயந்திரத்தை நியூட்ரலில் வையுங்கள். நீர்மட்டத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, தலை முதலில் போகும்படி விடுங்கள். மேலிருந்து எறிந்தால் வயிறு அடிபடும்.

சினை உழுவை பற்றி. பிடிபட்ட அதிர்ச்சியில் தாய் குட்டிகளை உதிர்த்துவிடும். தளத்தில் குட்டி விழுந்தால் வயிற்றைப் பாருங்கள். மஞ்சட்கருப் பை வெளியே தொங்கினால் அது பிழைக்காது. வயிறு மூடியிருந்தால் தாயோடு அதையும் விடுங்கள். தாயின் வயிறு உப்பியிருந்தால் அழுத்தாமல், முடிந்தால் தளத்துக்கே ஏற்றாமல் வலையை வெட்டி விடுவது நல்லது.

வேளா வந்தால் முறை வேறு. இன்று அது வருவதே அரிது. கொம்பு வீச்சில் ஆள் காயப்படும். மீனை நீரிலேயே வைத்து, கொம்பில் கயிறு போட்டு அசையாமல் பிடித்து, பற்களுக்கு இடையே வலையைக் கொம்பின் நுனிநோக்கி வெட்டிக்கொண்டே போங்கள். கொம்பை வெட்டி விட்டால் மீன் போய்விடும் என்று நினைப்பது தவறு. இரையை உணர்வதும் அடிப்பதும் அந்தக் கொம்பால்தான், அது திரும்ப முளைக்காது. கொம்பில்லாத வேளா பட்டினியில் சாகும்.

#9 கச்சான்

இதெல்லாம் விசைப்படகுக்கு. ஃபைபர் படகில் திருக்கை வலை போடுகிறவர்களை விட்டுவிட்டீர்கள். கண் அகலமான அடிவலை, மாலை போட்டுக் காலையில் எடுப்பது. மடியில் தப்பிய பெரிய தாய் உழுவை சிக்குவது அதில்தான். அங்கே சட்டம் வைக்க முடியாது. கிடக்கும் நேரத்தைக் குறைக்கலாம், நள்ளிரவில் ஒருமுறை வலையை ஓடிப் பார்க்கலாம். எண்ணெய்ச் செலவு கூடும்.

மேலும், உழுவையை விட வலையை வெட்டினால் அந்த வலைக்கு யார் பணம் தருவார்? குஜராத்தில் 2004-ல் தொடங்கிய திமிங்கிலச் சுறா முயற்சி நடந்ததற்குக் காரணம் வெட்டிய வலைக்கு ஈடு கொடுத்தது. மீனவரே படம் எடுத்துக் காட்டினால் போதும், அதிகாரி வந்து பார்க்கும்வரை மீன் காத்திருக்க வேண்டியதில்லை. மகாராஷ்டிராவும் 2018-லிருந்து பாதுகாக்கப்பட்ட கடலுயிரை விட வலை வெட்டினால் 25,000 ரூபாய் வரை தருகிறது. நாம் கேட்க வேண்டியது அதே முறையை, உழுவை பெயரையும் சேர்த்து.

#10 வாடை

புதிதாகப் படிக்கிறேன், இரண்டு ஐயம். ஆண்டுக்கு 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, அது போதாதா? பொரிப்பகத்தில் குட்டி வளர்த்துக் கடலில் விட முடியாதா?

#11 பாகம்12

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுக்கு மட்டும். ஃபைபர் படகின் அடிவலை அந்த 61 நாளும் கடலில்தான். அதோடு, ஓராண்டில் பருவமடையும் மீனுக்கு இரண்டு மாத ஓய்வு பெரிது. பல ஆண்டு வளரவேண்டிய மீனுக்கு மீதி பத்து மாதமும் ஆபத்துதான். தடைக்காலம் முடிந்த முதல் வாரத்தில் எல்லாப் படகும் ஒரே நாளில் இறங்குகிறதே, அதில் இரண்டு மாதச் சேமிப்பும் கரைந்துவிடும்.

பொரிப்பகம் இறாலுக்குச் சரி, ஒரு தாய் இலட்சக்கணக்கில் முட்டை இடும். இங்கே தாய்க்கு 14 குட்டி. ஒரு தாயைத் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் வைத்துத் தீனி போடும் செலவில் எத்தனை படகுக்கு மடிச் சட்டம் வாங்கலாம் என்று பாருங்கள். சட்டம் வைத்த ஒரு படகு ஒரு தாயைத் தப்பவிட்டாலே அந்தக் குட்டிகள் செலவில்லாமல் கடலில் பிறக்கும்.

#12 ஏலக்கரை

கரையில் எழுதும் நோட்டுக்கு என் பரிந்துரை. நாள், இறங்குதளம், வலை வகை, இழுத்த அல்லது கிடந்த நேரம், ஆழம் பாகத்தில் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி). மீனுக்கு: இனம், மொத்த நீளம் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை தரையில் கிடத்தி நேர்க்கோட்டில். உடம்பின் வளைவில் டேப்பைப் படரவிட்டு அளந்தால் சில செ.மீ. கூடிவிடும், பருவமடைந்ததா என்ற கணக்கே மாறும். ஆண் பெண் வயிற்றுத் துடுப்பைப் பார்த்தால் தெரியும். ஆணுக்கு இரண்டு குழல்போன்ற உறுப்பு இருக்கும். அது நீண்டு, எலும்புபோல விறைத்திருந்தால் பருவமடைந்தது. வளைந்து கொடுத்தால் இல்லை.

படம் மூன்று: மேலிருந்து முழு உடம்பு, தோள்புள்ளி அருகில், முதுகுத் துடுப்பும் வயிற்றுத் துடுப்பும் ஒன்றாகத் தெரியும்படி பக்கவாட்டில். மூன்றாவது படம் இல்லாவிட்டால் எந்தக் குடும்பம் என்றே சண்டை வரும்.

#13 கச்சான்

நோட்டில் ஒரு பத்தி (செங்குத்து வரிசை) சேருங்கள்: 'கடலில் விட்டது', அதில் உயிரோடு எத்தனை, செத்து எத்தனை. அந்தப் பத்தியை வைத்து வழக்கு போடமாட்டோம் என்று துறை எழுதிக் கொடுத்தால்தான் அதில் உண்மை எண் வரும்.

#14 ஏலக்கரை

சேர்த்துவிட்டேன். கூடவே, விட்டபோது மூச்சுத்துளை அசைந்ததா, வாலைத் தொட்டால் உதறியதா என்று இரண்டு ஆம்/இல்லை கட்டமும் போட்டிருக்கிறேன். வெறும் 'உயிரோடு' என்று எழுதினால் ஆளுக்கு ஆள் பொருள் மாறும்.